அழிக்கக் கை வராதவர்கள்

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் கடிதங்கள் காணாமல் போகத் தொடங்கிவிட்டன. தபால்காரர் கொண்டுவரும் கடிதங்கள் இல்லை, அவை ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தன. தனசிங் சார் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வழியாகப் போகும் மெயில்களைச் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ‘ஊற்று’ என்று பெயர். குரோம்பேட்டையை ஒட்டிய எங்கள் அஸ்தினாபுரத்துக் கிணறுகளெல்லாம் வற்றி, ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய ஒரு கோடையில் வைத்த பெயர். எந்தத் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க ஒரு வழி வேண்டும் என்றார் தனசிங் சார். அவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுப்பவர். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். தாம்பரம் ஏற்றுமதி வளாகமான மெப்ஸில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, துடைத்து, லினக்ஸ் ஏற்றி, இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைச் சொந்த மெயில் சர்வர் ஆக்கிவிட்டோம். சம்பளம் கிம்பளம் கிடையாது. சாரின் மனைவி தபீதாள் அக்கா சுட்டுத் தரும் வாழைக்காய் பஜ்ஜிதான் கூலி.

தண்ணீர்க் கஷ்டம் ஒருவாறு தீர்ந்த பிறகும் ஊற்று நிற்கவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அதில் முகவரி இருந்தது. தனசிங் சாருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. யாராவது பெரிய கம்பெனிகள் சும்மா தருகிற மெயிலைப் பற்றிப் பேசினால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். அதற்கு ‘ஓசி மெயில்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“நம்ம லெட்டர அடுத்தவன் வீட்டு பீரோவுல ஏன்யா வைக்கணும்? நம்ம வீட்லயே பீரோ இருக்கே” என்பார்.

ஊற்றை அதிகம் பயன்படுத்தியது அவர் மனைவிதான். தபீதாள் அக்கா காலையில் எழுந்து, முகம் கழுவி, ஜெபம் முடித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அன்றைய பைபிள் வசனத்தை ஒரு ரோஜாப்பூப் படத்தோடு சேர்த்து, சர்ச்சில் பழகியவர்கள், கல்யாண வீட்டில் பார்த்தவர்கள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று கையில் கிடைத்த முகவரிக்கெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் பாலைக் காய்ச்சுவார். முருகன் பக்தனான எனக்கும் தினம் ஒரு வசனம் வந்தது. நானும் தினம் ஒருமுறை ரோஜாப்பூவைப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டில் இன்னொரு பழக்கம் உண்டு. சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனம் இருக்கும். கிழித்த தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு தலையணை உறை தொங்கும், அதற்குள் போடுவார்கள். உறை நிறைந்தால் இன்னொரு உறை. பழைய பேப்பர்காரர் அதைத் தூக்கிப் பார்த்து எடை போட ஆசைப்பட்டு, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

“வசனத்த எப்படித் தம்பி குப்பையில போடுறது? கை வருமா?” என்று அக்கா என்னிடம் கேட்டார். வராதுதான் என்று நானும் சொல்லி வைத்தேன்.

கடிதங்கள் காணாமல் போனதில் ஒரு ஒழுங்கு இருந்திருந்தால் நாங்கள் இத்தனை குழம்பியிருக்க மாட்டோம். எங்கள் தெரு தோத்தாத்ரி மாமா அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குத் திங்கட்கிழமை அனுப்பியது போய்ச் சேரும், செவ்வாய்க்கிழமை அனுப்பியது சேராது. சில மெயில்கள் போன வேகத்தில் ஏதோ இங்கிலீஷில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தன. சில போயின, ஆனால் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியில் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. ஊற்றை பிளாக்லிஸ்ட்டில் போட்டிருந்தார்கள். குப்பை மெயில் அனுப்பும் சர்வர் என்று முத்திரை குத்தி, எங்கள் பக்கமிருந்து எது வந்தாலும் நம்பாதே என்று உலகத்துக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். காரணம் என்று ஒரே ஒரு வரி: பெற்றவர்கள் பலர் புகார் செய்திருக்கிறார்கள்.

“யாருய்யா புகார் செஞ்சது?” என்றார் தனசிங் சார்.

“அத சொல்ல மாட்டாங்க சார்.”

“குத்தம் சாட்டினவன் பேரைச் சொல்லாம தண்டனையா? இது எந்த ஊரு கோர்ட்டு?”

கெஞ்சி எழுதிக் கேட்டால் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். சில நாளில் மறுபடி சேர்ப்பார்கள். நாங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம், வைரஸ் தேடினோம், கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தோம். கேபிளை எதற்கு மாற்றினோம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாரின் சந்தேகம் ஒவ்வொரு நாள் ஒவ்வொருவர் மேல் விழுந்தது. கடைசியில் அது தண்ணீர் லாரி லோகுவின் மேல் வந்து நின்றது. லாரி நேரத்தை அறிவிக்க லோகுவுக்கும் ஒரு முகவரி கொடுத்திருந்தோம். அவன் வியாபார விளம்பரம் அனுப்புகிறான், அதனால்தான் புகார் என்று முடிவு கட்டி, சார் அவன் கணக்கை மூடிவிட்டார்.

மறுநாளே லோகு லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு கேட்டருகே வந்து நின்றான்.

“இன்னா சார், எம்பேர கட் பண்ட்டியாமே?”

“கொஞ்ச நாளைக்குத்தான் லோகு. சர்வர்ல ஒரு பிரச்சனை.”

“பிரச்சனைன்னா நான்தான் கெடச்சனா? நாலாவது தெருவுக்கு தண்ணி வுட்றேன், வந்து புடிங்கன்னு எய்தினேன். அது தப்பா சார்? தண்ணி கூவி வித்தா குப்பையா? கூவாம வித்தா தீர்த்தமா?”

“அப்படிச் சொல்லல லோகு.”

“நீ சொல்ல மாட்ட. படிச்சவன் நீ. ஆனா செஞ்சிகினு கீறியே. ஒரே பேஜாரா பூட்ச்சு சார். காலீல இருந்து தெருத் தெருவா ஹாரன் அட்ச்சிகினு சுத்தறேன். பழையபடி காட்டுக் கத்தல்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோகு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். தப்பான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் புத்தி அப்போது இதில் இல்லை. அந்த வீட்டில் இதைவிடப் பெரிய மௌனம் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

சாரின் ஒரே மகள் ஜோசலின். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதப் போகிறவள். வாய் அதிகம் பேசாது, கண் பேசும். அவள் ப்ளஸ் டூ படித்தபோது குரோம்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். நான் அப்போதுதான் மாடிக்குக் குடிவந்திருந்தேன், அதே ரயிலுக்கு நின்றிருந்தேன். சுற்றிக் கூடிய கூட்டம் ஆளுக்கொரு சாவிக் கொத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் திணித்தது. ‘இரும்பு குடு, இரும்பு குடு’ என்று ஒரே கூச்சல். தண்ணீரை வாயில் ஊற்றப் போனவரைத் தடுத்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிளாட்பாரத்தில் கண் விழித்ததும் அவள் முதலில் பார்த்தது கைநிறையச் சாவிகளைத்தான். யார் வீட்டுச் சாவிகளோ, அவள் விரலெல்லாம் பதிந்திருந்தன.

பிறகு மாத்திரை சாப்பிட்டாள். சில வருஷங்களில் டாக்டரே நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆனால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தத்தில் தபீதாள் அக்கா உள்ளதை உள்ளபடி சொல்ல, அவர்கள் குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வலிப்பு என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. இந்த முறை வாயைத் திறக்கக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாரும் தலையாட்டிவிட்டார்.

இந்த முறை என்பது குன்றத்தூர் ஜெயசீலி அம்மாவின் மகன் அசரியா. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலையாக இருந்தான். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், சர்ச் ஹாலுக்குக்கூட சொல்லி வைத்தாயிற்று. பாக்கி இருந்தது ஓலை மட்டும். அவர்கள் வழக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பாதிரியார், அவர்கள் பேச்சில் ஐயர், பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சபையைக் கேட்பார். அதுதான் ஓலை. பெண்ணும் பையனும் முதலில் மெயிலில் பேசிக்கொள்ளட்டும், இருவருக்கும் முழுச் சம்மதம் என்றதும் ஓலையைக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் நாகரிகமாக முடிவு செய்திருந்தார்கள்.

மெயில்கள் போயின, வந்தன. பிறகு நின்றுவிட்டன.

ஒரு சாயங்காலம் ஜோசலின் மாடி ஏறி வந்தாள். திருநீர்மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கொடியில் காய்ந்த துணிகளை நான் அள்ளிக்கொண்டிருந்தேன்.

“மதி அண்ணா, ஒரு மெயில் போய்ச் சேந்துச்சான்னு பாக்க முடியுமா?”

“பாக்கலாமே. யாருக்கு அனுப்பினது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்தது.

“அவர் கேட்டிருந்தார் அண்ணா. ஓலை குடுக்கறதுக்கு முன்னாடி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருந்தா தயங்காம எழுதுங்கன்னு. எழுதிட்டேன். ஸ்டேஷன்ல விழுந்ததுலேர்ந்து மாத்திரை நிறுத்தினது வரைக்கும்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வீட்ல நான் இருக்க முடியுமா? ரெண்டு பேருக்கும் தெரியாது.”

கீழே போய் சர்வரின் பதிவைத் தேடினேன். அவள் அனுப்பியதை அந்தப் பக்கத்து சர்வர் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரவில்லை.

“சேந்துடுச்சும்மா” என்றேன்.

“நிச்சயமா?”

“வாங்கிக்கிட்டேன்னு அந்த சர்வர் சொல்லியிருக்கு.”

“அப்போ படிச்சிருப்பார்” என்றாள். “பதில் சொல்லாததுதான் பதில்.”

“ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்.”

“கேட்டா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும் அண்ணா.” அவள் நான் அள்ளிய துணியிலிருந்து விழுந்த ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு மனசே சரியில்லை. வாங்கிக்கொண்ட சர்வர் அதை எங்கே வைத்தது என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள இங்கிருந்து வழியும் இல்லை.

கீழ் வீட்டில் அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்கட்டி விளையாட்டுதான். மாப்பிள்ளை ஏன் எழுதவில்லை என்று தபீதாள் அக்காவுக்குப் புரியவில்லை. மகள் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று சாருக்குப் புரியவில்லை. அக்கா உபவாசம் இருந்தார். வசனங்களை இன்னும் அதிகமாக, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று அனுப்பத் தொடங்கினார். ஊற்று மறுபடியும் பிளாக்லிஸ்ட்டுக்குப் போனது.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். மறுநாள் முதல் ஓலை வாசிப்பதென்றால் அன்று மாலைக்குள் ஐயரிடம் கொடுத்தாக வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் சர்வர் கோளாறு செய்ய, நான் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு யுபிஎஸ் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

“ஸ்தோத்திரம் அண்ணே. ஸ்தோத்திரம் தபீதா.” ஜெயசீலி அம்மா. குன்றத்தூரிலிருந்து பஸ் மாறி, புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்திருந்தார். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கவர்.

“இந்த மழையில ஏன்க்கா? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே” என்று தபீதாள் அக்கா துண்டை நீட்டினார்.

“ஃபோன்ல பேசற விஷயமா தபீதா இது? ஓலை எழுதிக் கொண்டாந்துட்டேன். குடுக்கறதா வேண்டாமான்னு இங்க கேட்டுட்டுதான் ஐயர்கிட்ட போகணும்.”

“வேண்டாமாவா? ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?”

“பின்ன? அசரியா எழுதினதுக்கு உங்க பொண்ணு பதிலே போடல. இஷ்டம் இல்லபோல, கட்டாயப்படுத்தாதீங்கம்மான்னு சொல்றான். அவன் ஒரு சங்கோஜி. வாய் விட்டுக் கேக்க மாட்டான். நான் கேக்குறேன். ஜோசலின், இங்க வாம்மா. உனக்கு எம்புள்ளைய புடிக்கலையா?”

ஜோசலின் சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்றாள்.

“நான் எழுதினேன் ஆண்ட்டி” என்றாள்.

“எழுதினியா? எப்போ?”

“அவர் கேட்ட மறுநாளே.”

“என்ன எழுதின?” என்றார் தபீதாள் அக்கா. குரல் மாறியிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. “ஐயோ பாவி, என்னத்தடி எழுதின?”

நான் அப்போதே எழுந்து மாடிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் என் கையில் இரண்டு ஒயர் இருந்தன. விட்டால் சர்வர் அணைந்துவிடும். அப்படியே இருந்தேன்.

“எங்களுக்கு வரலையேம்மா” என்றார் ஜெயசீலி அம்மா. “அவன் மெயில நானும் பாக்குறேனே. போட்டோ கீட்டோ அனுப்பினா நான் பாக்கட்டும்னு பாஸ்வேர்ட குடுத்திருக்கான். வாரத்துல ரெண்டு தடவ பிரவுசிங் சென்டருக்குப் போயி பாத்துருவேன். நம்ம தபீதா அனுப்புற வசனம் எல்லாம் வருது. உன் லெட்டர் மட்டும் எப்படி வராம போகும்?”

தனசிங் சாருக்கு அந்த நேரத்திலும் சர்வர் ஞாபகம்தான் வந்தது. “வசனம் ஒழுங்கா வருதாம்மா? ஒண்ணும் தவறலையே?”

“ஒண்ணும் தவறல அண்ணே. ஆனா நெறைய சேந்துபோச்சு. எம்புள்ளைக்கு வர்ற மத்த லெட்டரைத் தேட முடியல. அழிக்கிற பட்டன் மேல போயி நிக்கும்போதே மனசு கேக்கல. வசனமாச்சே, அத எப்படி அழிக்கிறது? பக்கத்துலயே இன்னொரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிப் பாத்தா அழியல, வேற ஒரு பொட்டிக்குள்ள போயி பத்திரமா உக்காந்துக்கிச்சு. நல்லதா போச்சுன்னு எல்லாத்தையும் அதுலதான் போட்டு வைக்கிறேன். எங்க பெண்கள் சங்கத்துல எல்லாரும் இதே கஷ்டம் சொன்னாங்க. எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

சார் மெதுவாகக் குனிந்து மேஜைக்கு அடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“அந்தப் பட்டன் பேரு என்னம்மா?” என்றேன், அடியிலிருந்தே.

“ஸ்பேம்னு போட்டிருக்கும் தம்பி.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஸ்பேம் என்றால் குப்பை, அந்தப் பட்டனை அமுக்குவதே அனுப்பியவர் மேல் ஒரு புகார். ஒரு மாசமாக நாங்கள் தேடிய எதிரிகள் இவர்கள்தான். கடவுள் வார்த்தையைக் குப்பையில் போடக் கை வராத அத்தனை பெண்களும் ஒன்றுகூடி, அது குப்பை என்று ஒவ்வொரு நாளும் உலகத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறார்கள். தபீதாள் அக்கா கதவுக்குப் பின்னால் தொங்கும் தலையணை உறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே வேலையைத்தான் ஜெயசீலி அம்மா கம்ப்யூட்டருக்குள் செய்திருந்தார். யாரை யார் திட்டுவது?

விஷயத்தைச் சொன்னதும் ஜெயசீலி அம்மா பதறிப்போனார். “அய்யோ, நானா அண்ணே? நான் பத்திரமாத்தானே வச்சேன்? வேணும்னா பாருங்க, எல்லாம் அப்படியே இருக்கும்” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மகனின் மெயிலைத் திறந்து, அந்தப் பெட்டிக்குள் போனார். ரோஜாப்பூக்கள் வரிசையாக வந்தன. இறக்கிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். “இவ்வளவுதானா? முன்னாடி போட்டதெல்லாம் எங்க?”

“அந்தப் பெட்டியில ஒரு மாசத்துக்கு மேல எதுவும் இருக்காதும்மா” என்றேன். “அதுவா அழிச்சிடும்.”

“அழிச்சிடுமா?” அவர் கை நெஞ்சுக்குப் போனது. “அப்போ நான் போட்டு வச்ச வசனமெல்லாம்…”

அதற்குள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டிருந்தோம். வரிசையின் கடைசியில், ரோஜாப்பூக்களுக்கெல்லாம் கீழே, ஜோசலின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டு வசனங்களையெல்லாம் குப்பை என்று கற்றுக்கொண்ட அந்த சர்வர், அதே வீட்டிலிருந்து வந்த கடிதத்தையும் யாரிடமும் கேட்காமல் அங்கே தள்ளியிருக்கிறது. இன்றோ நாளையோ அதுவும் போய்விடும்.

தபீதாள் அக்காதான் முதலில் சுதாரித்தார். “சரி விடுங்கக்கா. பழைய லெட்டர். ஏதோ நலம் விசாரிச்சு எழுதியிருப்பா. அது போனா போகட்டும். இப்போ நேர்லயே கேட்டுட்டீங்கல்ல? அவளுக்குச் சம்மதம்தான். ஓலையைக் குடுத்துடுவோம்.” பிறகு கணவரைப் பார்த்து, தாழ்ந்த குரலில், “கர்த்தரே மறைச்சு வச்சிருக்காருங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க” என்றார்.

ஊற்றில் ஒரு மெயில்கூடத் தவறக்கூடாது என்று நாள்கணக்காகத் தூங்காமல் இருந்த மனிதர், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த ஒரே ஒரு மெயிலைப் பார்த்தபடி மரமாக நின்றார். போகட்டும் என்று நினைத்தாரா, எடு என்று நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஜோசலின் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜெயசீலி அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மௌஸைப் பிடித்து, அந்த ஒரு கடிதத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, குப்பையல்ல என்ற பட்டனை அமுக்கினாள். கடிதம் மேலே போய் உட்கார்ந்தது.

“படிங்க ஆண்ட்டி. இன்னொரு தடவ எழுத எனக்குத் தைரியம் இல்ல.”

ஜெயசீலி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக, தையல் பிரிக்கிற நிதானத்தில் படித்தார். வெளியே மழை கொட்டியது. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்கு இது தெரியும்தானே அண்ணே?”

“தெரியும்மா.”

“சொல்லலையே.”

“சொல்லல” என்றார் சார். “தப்புதான்.”

“அக்கா” என்று தபீதாள் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “நான்தான் சொல்ல வேணாம்னேன். ஒரு இடத்துல சொல்லி பட்டுட்டேன். நீங்களும் ஒரு தாய். படிச்சிட்டீங்க, உங்க மனசோட வச்சுக்கோங்க. அந்த லெட்டர அழிச்சிடுங்கக்கா. அசரியா தம்பி பாக்க வேணாம். உங்க கால்ல விழுறேன்.”

ஜெயசீலி அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத முகம்.

“வசனத்த அழிக்கவே எனக்குக் கை வரல தபீதா” என்றார். “வயசுப் புள்ள உசுரக் கையில புடிச்சுக்கிட்டு எழுதினத எப்படி அழிப்பேன்? அது எனக்கு எழுதினது இல்ல. அவனுக்கு எழுதினது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, படிக்காத லெட்டர்னா எழுத்து தடிச்சு நிக்கும்ல? நான் படிச்சதால மெலிஞ்சு போச்சு. அத பழையபடி தடிப்பா ஆக்க முடியுமா? அவனே மொதல்ல படிச்ச மாதிரி இருக்கணும்.”

ஒயர்களை எப்படியோ சொருகிவிட்டு எழுந்து வந்து மாற்றிக் கொடுத்தேன். ஜோசலின் பெயர் தடித்த எழுத்தில் நின்றது.

“நான் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். மெயில பாருடான்னு மட்டும் சொல்லுவேன்” என்று அவர் ஓலையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். காபி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பாதியில் டம்ளரை வைத்துவிட்டார். தபீதாள் அக்கா அந்த டம்ளரையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்கப்படவில்லை. தபீதாள் அக்கா அன்று சர்ச்சுக்கும் போகவில்லை, வசனமும் அனுப்பவில்லை. சார் காலையிலேயே லோகுவின் கணக்கைத் திறந்துவிட்டு, கேட்டருகே போய் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். “அட வுடு சார், நீ வேற” என்று லோகு கூச்சத்தில் லாரிக் கதவைத் தட்டினான்.

பிறகு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. பல்லாவரத்திலிருந்து ஒரு அம்மா. செம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா. குன்றத்தூரிலிருந்து வரிசையாக நாலைந்து அம்மாக்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இன்னைக்கு வசனம் வரலையே, உடம்பு சரியில்லையா தபீதா? ஸ்பேம் பட்டனை அமுக்கி அமுக்கி எங்களை ஒழித்துக்கட்டிய அத்தனை பேரும், ஒருநாள் வசனம் வரவில்லை என்றதும் தவித்துப்போயிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் “நாளைக்கு வரும்மா” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். வெளியே குழாய் மாட்டிக்கொண்டிருந்த லோகு எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, போன் ஓயாம அட்ச்சிகினே கீது” என்றான்.

மறுபடி அடித்தது. அக்கா எடுத்த வேகத்தில், “நாளைக்கு வரும்மா, நாளைக்கு” என்றார். பிறகு நிறுத்தினார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “மஸ்கட்” என்றார். சத்தம் வெளியே வரவில்லை.

ஜோசலின் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து வாங்கினாள். சார் சர்வரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திரையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

“ம். நான்தான்.”

நீண்ட நேரம் அந்தப் பக்கமே பேசியது.

“ஆமா. உண்மைதான்… இல்ல, இப்ப மாத்திரை எதுவும் இல்ல… வரவே வராதுன்னு சொல்ல முடியாது. வந்தாலும் வரலாம்.”

தபீதாள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுபடி அந்தப் பக்கம் ஏதோ கேட்டது, சின்னதாக, ஒரே ஒரு கேள்வி. ஜோசலின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொன்றாக, பொறுமையாகச் சொல்லத் தொடங்கினாள்.

“பக்கவாட்டுல படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. கையப் புடிச்சு அமுக்கக் கூடாது… இல்லைங்க, சாவி எல்லாம் வேண்டாம். அது சும்மா சொல்றது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.”